சல்லிவன் என்றால் எந்தக் கண்?

விருந்துகளில் ஓய்வு பெற்றவர்களிடம் யாரும் அதிகம் பேச்சுக் கொடுப்பதில்லை. என்னை மட்டும் விடமாட்டார்கள்.

"அங்கிள், நீங்க என்ன வேலை பார்த்தீங்க?"

"கண் செஞ்சேன்."

"கண் டாக்டரா?"

"இல்லப்பா. கண்ணு. வெள்ளையா, நடுவுல கருவிழி வெச்சு."

கேட்டவர் தன் தட்டில் இருக்கும் ரசகுல்லாவை ஒருமுறை பார்ப்பார். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

போன மாதம் நான் வேலை பார்த்த பட்டறையிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு சேர்ந்தவள். இப்போது கருவிழியைப் படம் பிடித்துக் கம்ப்யூட்டரில் அச்சடித்து ஒட்டிவிடுகிறார்களாம், தூரிகை எடுப்பதே அபூர்வமாம். "பழைய கதைகளை எழுதித் தாருங்கள், முக்கியமாக சல்லிவன் பற்றி" என்றாள். தமிழில்தான் எழுதுவேன் என்றேன். யாரையாவது பிடித்துப் படித்துக்கொள்கிறேன் என்றாள். அவள் பாடு.

திருச்சியில் பிறந்து, சென்னையில் ஒரு பல் பட்டறையில் பல்செட் செய்யப் பழகி, அறுபத்தொன்பதில் மாண்ட்ரியலுக்கு வந்து சேர்ந்தேன். கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஒற்றை அறை. பல் செய்கிறவர்கள் இங்கே தேவைக்கு மேல் இருந்தார்கள். பல்செட் வார்க்கும் அதே அக்ரிலிக் பிளாஸ்டிக்கில் அனுபவம் உள்ளவர் வேண்டும் என்று பத்திரிகையில் ஒரு விளம்பரம் பார்த்து, நகர மையத்தில் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடிக்குப் போனேன். கதவைத் திறந்ததும் மேஜை மேல் வரிசையாகக் கண்கள். எல்லாம் என்னையே பார்த்தன.

கண்களுக்குப் பின்னால் ஒரு நெடிய மனிதர் வெள்ளை ஏப்ரனோடு உட்கார்ந்திருந்தார். அவர்தான் ஜெரால்டு சல்லிவன். மாண்ட்ரியலிலேயே, கால்வாய் ஓரத்து ஐரிஷ்காரர்கள் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவர். இங்கிலீஷில் நீயும் நீங்களும் ஒன்றுதான் என்றாலும், அவர் சொன்ன விதத்தில் எனக்கு எப்போதும் 'நீ' என்றே கேட்டது.

"பேர் என்ன?"

"கண்ணப்பன்."

"பாஸ்போர்ட்ல குடும்பப் பேர் ராமசாமின்னு இருக்கே?"

"ராமசாமி எங்க அப்பா, சார். அவர் திருச்சியில இருக்கார். வேலை கேட்டு வந்திருக்கறது கண்ணப்பன்."

அவர் சிரித்தார். "சரி, கண்ணப்பன்னா அர்த்தம் இருக்கா?"

"முன்பாதி கண், சார்."

தூரிகையைக் கீழே வைத்தார். "என் பேர்லயும் முன்பாதி கண்தான். எப்ப சேர்றே?"

என் சான்றிதழை அவர் கடைசிவரை பார்க்கவே இல்லை.

அந்தப் பெயரின் வரலாற்றை அதற்குப் பிறகு வருடக்கணக்கில், கண்களுக்கு மெருகு போட்டுக்கொண்டே கேட்டேன். சல்லிவன் என்பது இங்கிலீஷ்காரர்கள் வாயில் நுழைவதற்காக வெட்டிக் குறைத்த பெயராம். அசல் பெயர் ஏறத்தாழ 'ஓ சூலவான்'. முதன்முதலில் கேட்டபோது, இவர்கள் சூலாயுதத்தோடு சம்பந்தப்பட்டவர்கள் என்றே நினைத்தேன். இல்லை, ஐரிஷ் மொழியில் 'சூல்' என்றால் கண். வீட்டுக்குப் போய் என் மனைவி சரோஜாவிடம் சொன்னேன். அப்போது அவள் முழுகாமல் இருந்தாள்.

"கண்ணுக்குப் பேரு சூலா? நம்ம ஊர்ல சூல்னா வேறல்ல?" என்று வயிற்றைப் பார்த்துக்கொண்டு சிரித்தாள். "உங்க முதலாளிகிட்ட சொல்லிடாதீங்க. பேரையே மாத்திக்கப் போறாரு."

முன்னால் நிற்கும் 'ஓ'வுக்கு அர்த்தம் பேரன், வழிவந்தவன். இங்கிலீஷ்காரர்கள் ஆண்ட காலத்தில் அந்த 'ஓ' உதிர்ந்துபோன குடும்பங்கள் ஏராளம். "பேரனுங்கற பதவி போயிடுச்சு, வெறும் கண்ணு மட்டும் மிச்சம்" என்பார் சல்லிவன். எங்கள் மொழியில் பேரன் என்ற சொல்லே பெயரிலிருந்து வந்தது, தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன் பெயரன், நானும் என் தாத்தா பெயரைத்தான் வைத்திருக்கிறேன் என்று சொன்னேன். அவருக்கு அது பிடித்துப்போனது. வருகிற நோயாளிகளிடமெல்லாம் தன் கண்டுபிடிப்பு மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சண்டை வந்தது பின்பாதியில்தான். சூல் சரி, கண் சரி. ஆனால் எப்படிப்பட்ட கண்? சல்லிவன் கருங்கண் என்பார். அவர் கண்களோ பலமுறை துவைத்த நீலச் சட்டை மாதிரி வெளுத்திருக்கும். முன்னறையில் நோயாளிகளை வரவேற்கும் அவருடைய தங்கை நோரா, பருந்துக் கண் என்பாள். அவர்கள் குடும்பத்துப் பாதிரியார் மட்டும் ஒற்றைக் கண் என்றுதான் அர்த்தம் என்று அடித்துச் சொல்லியிருந்தார். அதற்கு ஒரு கதையும் உண்டு. கேட்டதை இல்லை என்று சொல்லாத ஒரு குறுநில மன்னன். பொறாமை பிடித்த மந்திரக்காரன் ஒருவன் வந்து, உன் கண்ணைக் கொடு என்றான். மன்னன் அங்கேயே பிடுங்கிக் கொடுத்துவிட்டான். அந்த ஒற்றைக் கண்ணனின் வம்சம்தான் சல்லிவன்கள்.

"இந்தக் கதையை மட்டும் நோயாளிங்க காதுல போட்டுடாதே" என்பார் சல்லிவன். "ஒத்தைக் கண்ணன் கடையில கண்ணு வாங்கினோம்னு ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாங்க."

"எங்க பக்கத்துல ஒரு வேடர் சாமிக்கே கண்ணைக் குடுத்திருக்கார், சார். ஒண்ணைக் குடுத்துட்டு, ரெண்டாவதையும் எடுக்கப் போனார். அதையும் எடுத்துட்டா எங்க வைக்கறதுன்னு தெரியாதேன்னு, சாமி கண் இருக்கற இடத்துல கால் விரலை ஊனிக்கிட்டார். அவர் பேருதான் எனக்கு."

"அடையாளம் வெச்சுட்டுத்தான் கையை வெச்சிருக்கார். முறை தெரிஞ்ச மனுஷன்" என்றார் சல்லிவன்.

முறை என்றால் அவருக்கு உயிர். செயற்கைக் கண் என்று நாங்கள் செய்வது உருண்டை இல்லை, சிப்பி மாதிரி ஒரு மெல்லிய ஓடு. பல்லுக்கு அச்செடுக்கும் அதே கூழைக் கண்குழிக்குள் மெதுவாகச் செலுத்தி அச்செடுப்போம். அதைப் பார்த்து மெழுகில் ஒரு மாதிரி செய்து, குழியில் பொருத்தி, இமை சரியாக மூடுகிறதா என்று பார்த்துப் பார்த்துச் சுரண்டுவோம். பிறகு வெள்ளை அக்ரிலிக்கில் வார்த்து வேகவைப்போம். கருவிழியை வரைவதுதான் கடினம். நோயாளியை வடக்கு ஜன்னல் பக்கம் உட்கார வைத்து, நல்ல கண்ணைப் பார்த்துச் சாயத்தை ஒவ்வொரு கோடாகத் தீட்ட வேண்டும். வெள்ளையில் ரத்த நரம்புக்குச் சிவப்புப் பட்டு நூலைப் பிரித்து இழை இழையாக ஒட்டுவோம். முன்தினம் தூங்காத நோயாளி என்றால் நரம்பு கூடுதலாகத் தெரியும். "இன்னிக்குப் போய்த் தூங்கிட்டு நாளைக்கு வாங்க. வாழ்நாளெல்லாம் தூக்கமில்லாத கண்ணோட திரியப் போறீங்களா?" என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

கடைசியாகக் கண்ணைப் பொருத்தும் வேலையை அவர் யாருக்கும் தரமாட்டார். மேல் இமையைக் கட்டைவிரலால் தூக்கி, அந்தச் சிப்பியை உள்ளே நழுவவிட்டு, கீழ் இமையை இழுத்து விடுவார். அது சரியாகப் போய் உட்கார்ந்ததும், யாருக்கும் கேட்காத மாதிரி "சூல்" என்று முணுமுணுப்பார். அவர் குடும்பத்தில் மிஞ்சியிருந்த ஐரிஷ் வார்த்தைகளை இரண்டு கை விரல்களில் எண்ணிவிடலாம். அதில் ஒன்றைத்தான் அவர் ஒவ்வொரு நோயாளிக்கும் கொடுத்தனுப்பினார்.

அந்த ஒரு வார்த்தைதான் எங்களை மாட்டிவிட்டது.

எழுபத்தாறாம் வருட ஒலிம்பிக்குக்காக ஊரையே தோண்டிப் போட்டிருந்த சமயம். அர்மான் சில்வேன் என்று ஒருவர் வந்தார். ஆற்றின் கீழ்ப்பக்கம், கிழக்கே வெகுதூரத்தில் ஒரு கிராமம். மர அறுவை ஆலையில் வேலை. சிராய் ஒன்று பறந்து வந்து இடது கண்ணை எடுத்துக்கொண்டு போய்விட்டது. பிரெஞ்சு மட்டும்தான் பேசுவார். சல்லிவனின் பிரெஞ்சு, வணக்கமும் நன்றியும் சொல்லும் போன்ஜூர், மெர்சியோடு நின்றுவிடும். நோராவுக்குப் பிரெஞ்சு வரும், ஆனால் முன்னறையை விட்டு வர முடியாது. மாலை வகுப்பில் கற்ற என் பிரெஞ்சை வைத்துக்கொண்டு நான்தான் இருவருக்கும் இடையில் நின்றேன்.

நான் கண்ணை வரைந்துகொண்டிருந்தபோது அர்மான் அதிகம் பேசவில்லை. ஒரு நாள் மட்டும் அவராகவே சொன்னார். "சனிக்கிழமை என் பொண்ணுக்குக் கல்யாணம், மொசியே. கோயில்ல அவ கையைப் பிடிச்சுக்கிட்டு நான்தான் நடக்கணும். ஊர்ல என்ன சொல்றாங்க தெரியுமா? நான் குடிச்சிட்டு ரம்பத்துக்கிட்ட நின்னேனாம். அதான் கண்ணு போச்சாம். நான் வாழ்க்கையில ஒரு சொட்டு தொட்டதில்ல. குடிக்க மாட்டோம்னு சத்தியம் பண்ணி மாட்டின மதுவிலக்குச் சிலுவை எங்க வீட்டுச் சுவத்துல தொங்குது. எல்லாரும் அன்னிக்கு என் பொண்ணைப் பாக்கணும். என் குழியைப் பாக்கக் கூடாது."

அவருடைய நல்ல கண் பச்சையும் சாம்பலும் கலந்த நிறம். மேகம் நகர்ந்தால் அதுவும் மாறும். மூன்று முறை வரைந்து அழித்தேன். நான்காவதைப் பார்த்து சல்லிவன் தலையசைத்தார். அவரிடமிருந்து அவ்வளவுதான் வரும்.

வியாழக்கிழமை பொருத்தினோம். நோரா மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தாள். சல்லிவன் இமையைத் தூக்கினார், நழுவவிட்டார், இழுத்துவிட்டார். கண் போய் உட்கார்ந்தது. அவ்வளவு பொருத்தமான கண்ணை நான் அதுவரை பார்த்ததில்லை. அவருக்கும் சந்தோஷம் போலிருக்கிறது. வழக்கத்தைவிடச் சத்தமாகவே, அர்மானின் முகத்துக்கு நேராக, "சூல்!" என்றார்.

அர்மானின் முகம் சிவந்தது. "சூலா? நானா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பிரெஞ்சில் 'சூ' என்றால் குடிபோதையில் இருப்பவன். இலக்கணப்படி ஆணுக்கு 'சூ', பெண்ணுக்கு 'சூல்'. அர்மானின் ஊரில் அந்த இலக்கணமெல்லாம் கிடையாது, எல்லாருக்கும் 'சூல்'தான். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் கண்ணைத் தானே பிதுக்கி எடுத்து மேஜையில் அடித்தார். அது வழுக்கிக்கொண்டு போய் அலமாரிக்கு அடியில் புகுந்தது. கறுப்புப் பட்டையைக் கட்டிக்கொண்டு, கதவை அறைந்து சாத்திவிட்டுப் போய்விட்டார்.

"நான் என்ன சொன்னேன்?" என்றார் சல்லிவன்.

நான் விளக்கினேன். அவர் முகமும் சிவந்தது.

"நான் கண்ணுன்னு சொன்னேன். எங்க மொழியில சொன்னேன். இங்கிலீஷ்காரன் எங்ககிட்டேருந்து எல்லாத்தையும் பிடுங்கிக்கிட்டு அந்த ஒரு வார்த்தையை மிச்சம் விட்டான். இப்ப பிரெஞ்சுக்காரன் அதுக்கும் அர்த்தம் சொல்றானா? மன்னிப்பெல்லாம் கேக்க முடியாது."

நான் தரையில் குப்புறப் படுத்து, அளவுகோலால் கண்ணை வெளியே தள்ளினேன். கீறல் ஒன்றும் இல்லை. அதற்குள் நோரா வந்துவிட்டாள். நடந்ததைக் கேட்டுவிட்டு அண்ணனைப் பார்த்து, "பருந்துக் கண்ணுன்னு சொல்லியிருந்தா இந்த வம்பு வந்திருக்குமா?" என்றாள். பிறகு அர்மான் தங்கியிருந்த அவருடைய அக்காவின் முகவரியை எடுத்து என் கையில் கொடுத்தாள். "நீ போ, கண்ணப்பன். இவன் அசைய மாட்டான்."

கண்ணைப் பஞ்சில் சுற்றி, ஒரு சின்ன டப்பாவில் வைத்து, கோட்டின் உள்பையில் போட்டுக்கொண்டு மெட்ரோ ஏறினேன். வழியெல்லாம் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனேன். எதிரில் இருந்த கிழவர் எனக்கு மாரடைப்போ என்று எழுந்து இடம் கொடுத்தார்.

அக்கா தெரேஸ், நகரின் வில்லரே பகுதியில் ஒரு டெப்பனர் நடத்திக்கொண்டிருந்தாள். பால், ரொட்டி, சிகரெட், பீர் விற்கும் முனைக்கடை. உள்ளே நுழைந்தால், வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொடாத அர்மான், உட்கார வேறு இடம் இல்லாமல் பீர்ப் பெட்டிகளின் மேல் உட்கார்ந்திருந்தார்.

"திரும்பிப் போங்க, மொசியே. உங்க மேல கோபம் இல்ல."

"அவர் உங்களைக் குடிகாரன்னு சொல்லல. அது ஐரிஷ் வார்த்தை. சூல்னா கண்ணுன்னு அர்த்தம்."

"நான் சின்னப் பையனா, இதை நம்பறதுக்கு?"

கல்லாவுக்குப் பின்னால் சில்லறையை அடுக்கிக்கொண்டிருந்த தெரேஸின் கை நின்றது. அர்மானைவிட அவள் பத்து வயதாவது மூத்தவள்.

"என்ன சொன்னீங்க? இன்னொரு தடவை சொல்லுங்க."

"சூல். கண்ணு."

அவள் வலது கையைத் தூக்கி, இரண்டு விரல்களால் தன் மூடிய இமைகளைத் தொட்டாள். "சூல், சூல்" என்று மெதுவாகச் சொன்னாள். "அர்மான், பெப்பேர்."

பெப்பேர் என்றால் தாத்தா. அவர்களுடைய தாத்தா தொண்ணூறு வயதுவரை இருந்தாராம். ராத்திரி பிள்ளைகளைத் தூங்க வைக்கும்போது ஒவ்வொருவர் இமையையும் இப்படித் தொட்டு, இப்படிச் சொல்வாராம். தூக்கத்தில் போதை ஏறிக் கிடக்கிறீர்கள் என்று கேலி செய்கிறார் என்றுதான் வீட்டில் எல்லாரும் நினைத்திருந்தார்கள். பாட்டிக்கு அது பிடிக்காது. பிள்ளைகளிடம் என்ன பேச்சு இது என்று சத்தம் போடுவாளாம். ஊரில் அவரை ஐரிஷ்காரன் என்றுதான் கூப்பிட்டார்கள். அயர்லாந்துப் பஞ்ச காலத்தில் கப்பலில் வந்த குழந்தை. அம்மா கப்பலிலேயே இறந்துவிட்டாள். ஒரு விவசாயக் குடும்பம் எடுத்து வளர்த்தது. பிள்ளை தன் பெயரைச் சொல்ல, பாதிரியார் காதில் விழுந்ததை எழுதிக்கொண்டார்.

"உங்க முதலாளி பேரென்ன?" என்று கேட்டாள் தெரேஸ்.

"சல்லிவன்."

"சில்வேன்" என்றாள். பிறகு இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தாள். சொல்லச் சொல்ல அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "பாவம் பெப்பேர், கண்ணுன்னுதான் சொல்லியிருக்கார். நாம பாட்டிகிட்டத் திட்டு வாங்கிக் குடுத்திருக்கோம்."

அர்மான் பீர்ப் பெட்டியிலிருந்து எழுந்து நின்றார்.

கடைத் தொலைபேசியிலிருந்து பட்டறைக்கு அழைத்தேன். சல்லிவன் எடுத்தார். எல்லாவற்றையும் சொன்னேன். "எங்க தாத்தாவுக்கு ஒரு தம்பி இருந்தான்" என்றார். "கப்பல்லேருந்து இறக்கினப்ப ரெண்டு பேரையும் பிரிச்சுட்டாங்க. எங்கப்பா கிராமம் கிராமமாப் போய், சல்லிவன் இருக்கானான்னு கேட்டுட்டு வந்தார். யாருமே இல்லைன்னுட்டாங்க." அதற்குப் பிறகு போனை வைத்துவிட்டார்.

அரை மணியில் டாக்சி வந்து நின்றது. ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தார். பின்னால் நோரா. இரண்டு ஆண்களும் ரொட்டி அலமாரிக்கு முன்னால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மன்னிப்புக் கேட்க முடியாது என்றவர், தனக்குத் தெரிந்த நாலு பிரெஞ்சு வார்த்தைகளையும் தாறுமாறாக அடுக்கி மன்னிப்புக் கேட்டார். அது மன்னிப்பா, ரொட்டி விலை கேட்கிறாரா என்று யாருக்கும் விளங்கவில்லை. நோரா எடுத்துச் சொன்னாள்.

தெரேஸ் எல்லாரையும் பின்கட்டுச் சமையலறைக்கு அழைத்துப் போனாள். பெயருக்கு என்ன அர்த்தம் என்று அர்மான் கேட்டார். நோரா மூன்றையும் சொன்னாள். கருங்கண், பருந்துக் கண், கடைசியில் தயங்கித் தயங்கி, கண்ணைக் கொடுத்த மன்னன் கதையோடு ஒற்றைக் கண். சல்லிவன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அர்மான் பட்டையை அவிழ்த்து மேஜையில் வைத்தார்.

"அப்படின்னா இங்க அசல் சல்லிவன் நான்தான்" என்றார். "நீங்க ரெண்டு பேரும் ரெண்டு கண்ணை வெச்சுக்கிட்டு அந்தப் பேரை எப்படி வெச்சுக்கலாம்?"

நோரா மொழிபெயர்த்ததும் சல்லிவன் சிரித்த சிரிப்பில் கடைக்கு வந்த ஆள் உள்ளே எட்டிப் பார்த்தான். வருடக்கணக்காக நடந்த வழக்கு அன்றோடு தீர்ந்தது. ஒற்றைக் கண்தான். அதற்கு எதிராக அவர் பிறகு ஒருநாளும் பேசவில்லை.

கண்ணைச் சோப்புப் போட்டுக் கழுவி, கொதித்து ஆறிய தண்ணீரில் அலசி, சமையலறை நாற்காலியிலேயே அர்மானை உட்கார வைத்துப் பொருத்தினார் சல்லிவன். அது போய் உட்கார்ந்தது. இந்த முறை உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றார்.

"சொல்லு" என்றார் அர்மான். பிரெஞ்சிலும் நம்மைப் போல நீ, நீங்கள் உண்டு. அதுவரை நீங்கள் என்றவர், அப்போதுதான் முதல் தடவையாக நீ என்றார். "பெப்பேர் சொன்ன மாதிரி சொல்லு."

"சூல்" என்றார் சல்லிவன்.

பிற்பாடு நோரா, பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளைப் பார்க்கச் சொல்லிப் பல கோயில்களுக்கு எழுதிக் கேட்டாள். சல்லிவனுடைய தாத்தாவின் தம்பிதான் அர்மானுடைய தாத்தா என்று உறுதியாகச் சொல்ல எதுவும் கிடைக்கவில்லை. அயர்லாந்தின் தென்மேற்கில் தடுக்கி விழுந்தால் ஒரு சல்லிவன் மேல்தான் விழ வேண்டும் என்று அவளே சொல்வாள். அண்ணனிடம் மட்டும் அதைச் சொல்ல மாட்டாள்.

சனிக்கிழமை கல்யாணத்துக்கு எங்களுக்கும் அழைப்பு. சல்லிவன் கார் ஓட்ட, நோரா முன்னால், நானும் சரோஜாவும் குழந்தையோடு பின்னால். கோயிலில் எங்களை முதல் வரிசைக்குக் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். சரோஜாவின் பட்டுப் புடவையை ஊரே பார்த்தது. "உங்க கண்ணை யாருமே பாக்கல, என் புடவையைத்தான் பாக்கறாங்க" என்று என் காதில் சொன்னாள். நான் வேண்டியதும் அதுதான்.

ஆர்கன் ஒலித்தது. அர்மான் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். நிமிர்ந்த தலை, இரண்டு கண்கள். வாசல் வெளிச்சத்திலும் சரி, உள்ளே மெழுகுவர்த்தி வெளிச்சத்திலும் சரி, எது என்னுடையது என்று எனக்கே ஒரு கணம் தெரியவில்லை. மகளை மாப்பிள்ளையிடம் ஒப்படைத்துவிட்டுத் திரும்பியபோது அவர் அழ ஆரம்பித்தார். விழி போனாலும் கண்ணீர்ச் சுரப்பி போவதில்லை. இரண்டு பக்கமும் நீர் வழிந்தது. இடது பக்கம் கொஞ்சம் கூடவே. அர்மான் கைக்குட்டையை எடுத்து, எல்லாரையும் போல மூக்கிலிருந்து காதுப் பக்கமாக அழுத்தித் துடைக்கப் போனார்.

சல்லிவன் எழுந்து நின்றுவிட்டார். அப்படித் துடைத்தால் ஓடு திரும்பிக்கொள்ளும், கீழே விழுந்தாலும் விழும். காதுப் பக்கமிருந்து மூக்குப் பக்கமாகத் துடைக்க வேண்டும்.

"மூக்குக்கு! மூக்குக்கு!" என்று தன் ஓட்டைப் பிரெஞ்சில் கத்தினார். பாதிரியார் வாசிப்பதை நிறுத்தினார். கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அர்மான் கையை நிறுத்தி, திசையை மாற்றி, மூக்குப் பக்கமாகக் கவனமாகத் துடைத்தார். பிறகு முதல் வரிசையைக் காட்டி, ஊருக்கே கேட்கிற மாதிரி, "என் அண்ணன்" என்றார்.

சல்லிவன் உட்கார்ந்து தன் கைக்குட்டையை எடுத்தார். நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். மனிதருக்கு இரண்டும் சொந்தக் கண்கள். எந்தப் பக்கம் துடைத்தாலும் ஒன்றும் ஆகாது. ஆனாலும் ஒவ்வொன்றாக, மெதுவாக, மூக்குப் பக்கமாகவே துடைத்துக்கொண்டார்.